செஞ்சியின் பழந்தேசப்படங்களும் அவற்றின் படிகளும்



2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பாரிஸ் நகரிற் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராட்டியர்தம் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. அப்பன்னிரண்டனுள் மகாராஷ்டிர நாட்டிற்குப் புறத்தே நிற்பது நம் செஞ்சி ஒன்றே. அன்று தொட்டு நம் ஊரவர்க்குப் பழம்பொருள்மேல் ஓர் ஆசை பிறந்திருக்கின்றது. அஃது நன்றே. பரணிற் கிடந்த கண்ணாடிச் சட்டங்கள் துடைக்கப்பெற்றுக் கூடத்துச் சுவரேறுகின்றன. புதுமனை புகுவார்க்குப் பழைய தேசப்படங்களைச் சட்டமிட்டுப் பரிசளிப்பாரும் உளர். அங்ஙனம் கிடைத்தவற்றைச் சாக்கிற் சுற்றிக்கொண்டு என் திண்ணைக்கு வந்து, "வாத்தியார் ஐயா, இது மெய்யாகவே பழையதுதானா? எவ்வளவு பெறும்?" என்று வினவுவோர் திங்களுக்கு இருவராயினும் உண்டு. தமிழ்ப் பண்டிதனுக்கும் தேசப்படத்துக்கும் யாது தொடர்பு என்று அவர்கள் எண்ணுவதில்லை. பழைய எழுத்தைப் படிப்பவன் பழைய படத்தையும் படிப்பான் என்பது அவர்கள் கருத்து. யானும் ஒருகாலத்து அங்ஙனமே கருதியிருந்தேன். அதனால் விளைந்த கேட்டை முன்னர்ச் சொல்லிவிடுதல் முறை.

ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு முன், நம்மவருள் ஒரு குடும்பத்தில் உடன்பிறந்தார் இருவர் பாகம் பிரித்துக்கொண்டனர். நிலம், வீடு, பித்தளைப் பாத்திரம் எல்லாம் பிரித்த பின்னர், கூடத்தில் தொங்கிய ஒரு படம் எஞ்சியது. அவர்தம் பாட்டனார் புதுச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிவந்தது, தேக்குச் சட்டம், ஒன்றரை முழ அகலம். இந்திய நாடு முழுதும் அதிற் காணப்பட்டது. தலைப்பிற் பிரெஞ்சு மொழியில் டான்வில் என்னும் பெயரும், 1752 என்ற ஆண்டும் இருந்தன. பஞ்சாயத்தார் என்னை அழைத்து மதிப்புக் கேட்டனர். யான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆண்டைப் படித்தேன், படித்தவுடன், "இஃது இருநூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஏடு, நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது" என்று சொல்லிவிட்டேன். பட்டியலில் அத்தொகை ஏறிற்று. இளையவர் பணத்துக்குப் பதிலாகப் படத்தைத் தம் பங்கில் ஏற்றார். ஈராண்டு கழித்து மகளின் கல்லூரிச் செலவுக்காக அதனைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு வணிகர் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றி, ஒரு பூதக்கண்ணாடியை அவர் கையிற் கொடுத்துப் பார்க்கச் செய்தாராம். பின்பு, தேக்குக்காக அறுநூறு ரூபாய் தருவதாகச் சொன்னாராம். இளையவர் திரும்பி வந்து, படத்தை என் திண்ணையிற் கிடத்தி, "தாங்கள் சொன்னதைத்தானே ஐயா நம்பினோம்" என்ற ஒரு சொல்லொழிய வேறு சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

யான் செய்த பிழை, தேசப்படக் கலை அறியாததனால் மட்டும் நேர்ந்ததன்று. என் சொந்தக் கல்வியை மறந்தமையாலும் நேர்ந்தது. ஓலைச்சுவடியைக் கையிலெடுக்கும் எவனும் முதலிற் கற்பது, ஏட்டின் வயது வேறு, நூலின் வயது வேறு என்பதாம். பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் செல்லிலும் சில நூறாண்டுக்கு மேல் நில்லாது. ஈராயிரம் ஆண்டைய பாட்டு, நூற்றைம்பதாண்டைய ஓலையிலே நமக்குக் கிடைக்கின்றது. ஓலை புதிதென்று பாட்டைப் பொய்யென்பாரில்லை; பாட்டுப் பழையதென்று ஓலைக்குச் சங்க காலம் கற்பிப்பாருமில்லை. படத்திற் பொறித்த ஆண்டும் அத்தன்மைத்தே. அவ்வாண்டு படம் வகுக்கப்பெற்ற ஆண்டு. கையிலுள்ள தாள் அச்சேறிய ஆண்டன்று. விலை தாளின் வயதைப் பற்றியது. வரலாறோ வரைவின் வயதைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதே அன்று யான் செய்த குற்றம்.

அதன் பின்னர்தான், செஞ்சியைப் படத்தில் எழுதினவர் யாவர், எதன் பொருட்டு எழுதினர் என்று தேடத் தொடங்கினேன். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆங்கிலத்தில் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு எனக்குக் கைவிளக்காயிற்று.

சொல்லால் எழுதிய சித்திரமே முதலில் வந்தது. 1597-இல் பிமெண்டா என்னும் இயேசு சபைப் பாதிரியார், கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சியிற் செஞ்சிக்கு வந்தார். இந்தியாவிற் தாம் கண்ட நகரங்களுள் இது மிகப் பெரியதென்றும், போர்த்துகல் நாட்டில் லிஸ்பன் நீங்கலாக வேறெந்நகரும் இதற்கு நிகராகாதென்றும் அவர் எழுதிப்போந்தார். அவர் கண்டது ஒரு மாநகரம். நாம் சட்டமிட்டு மாட்டும் படங்களைத் தந்தவர் கண்டதோ ஒரு கோட்டை. இடையே நூற்றைம்பதாண்டுகள் கழிந்தன. பீஜப்பூரார் வந்து அதற்குப் பாத்ஷாபாத் என்று பெயரிட்டனர். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் மொகலாயர் முற்றுகையிட்டு 1698-இல் உட்புகுந்து, தம் தளபதியாகிய சுல்பிகார் கான் நஸ்ரத் ஜங்கின் பெயரால் நஸ்ரத்கட் என்றழைத்தனர். 1714-இல் தேசிங்குராசன் வீழ்ந்தான். 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவிற் கோட்டையைக் கைக்கொண்டான். புதுச்சேரி வீழ்ந்த 1761-ஆம் ஆண்டிலேயே ஏப்ரலில் இதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆள்வோர் இட்ட பெயர்கள் ஆட்சியோடு மாய்ந்தன. ஐரோப்பியர் படங்களில் நிலைத்தது 'ஜிஞ்ஜி' என்பதே. அதாவது, ஊரார் வாயில் வழங்கிய செஞ்சி, அன்னியர் நாவிற்கேற்பத் திரிந்து அச்சேறியது. அரசர் ஓலையிற் கண்ட பெயரை விடுத்துக் கடைத்தெருவிற் கேட்ட பெயரையே படக்காரர் கொண்டனர் என்பது எனக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

இனி டான்வில்லைப் பற்றிச் சிறிது கூறுவேன். இவர் 1697-இற் பிறந்து 1782-இல் மறைந்த பிரெஞ்சு நாட்டவர். இந்தியாவைக் கண்ணாற் கண்டவரல்லர். பாரிஸில் அமர்ந்துகொண்டு, கப்பற்காரர் குறிப்புகள், பாதிரிமார் கடிதங்கள், படைவழிக் கணக்குகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பட்டவற்றைத் தள்ளி, எஞ்சியவற்றால் உலகத்தை வரைந்தார். மதுரை, தஞ்சைப் பக்கங்களில் உழைத்த பூஷே பாதிரியார் அனுப்பிய குறிப்புகளும் நம் நாட்டுக்கு அவருக்குப் பயன்பட்டன. பிரெஞ்சுக் கும்பெனிக்காக 1752-இல் இந்தியப் படத்தை வெளியிட்டு, அடுத்த ஆண்டில் அப்படத்துக்கு ஒரு விளக்க நூலும் எழுதினார். இன்ன இடத்தை இன்ன ஆதாரத்தால் இங்கே வைத்தேன் என்று கணக்குக் காட்டும் நூல் அது. உரையாசிரியர்கள் பாடங்கொள்ளும் முறையும் இதுவேயன்றோ? மேலும், தெரியாத இடத்தை யானை, சிங்கங்களால் நிரப்பும் பழைய வழக்கத்தை விடுத்து, வெற்றிடமாகவே விட்டார். அவர் சேர்த்துவைத்த படங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டவை. இன்று பிரெஞ்சு தேசிய நூலகத்தில் உள்ளன.

பெல்லென் என்பவர் வேறுவகை. பிரெஞ்சுக் கடற்படையின் படச்சாலையில் இருந்தவர். 1764-இல் ஐந்து பாகங்களாக அவர் வெளியிட்ட சிறு கடற்படத் தொகுதியில் நம் செஞ்சிக்கோட்டையின் அமைப்புப்படமும் இடம்பெற்றது. கடலைக் காணாத செஞ்சி கடற்படத் தொகுதியில் ஏறியதற்குக் காரணம், பதினோராண்டு அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து கழிந்த ஏக்கமே போலும். அத்தொகுதியின் ஏடுகள் பள்ளிச் சிறுவரின் கட்டுரைச் சுவடி அளவினவே. பெல்லென் பெயரோடு மூன்றடி அகலத்தில் ஒரு செஞ்சிப் படத்தை யாரேனும் விற்க வந்தால், வேறு சோதனை வேண்டா. அது பெரிதாக்கப்பட்ட படி.

ஆங்கிலேயருள் ரென்னல் தலைமையானவர். இளமையிற் கடற்படைச் சிறுவனாகப் புதுச்சேரி முற்றுகையிற் கலந்துகொண்டவர். பின்பு வங்காளத்தின் நிலஅளவைத் தலைவரானார். அவரது இந்துஸ்தானப் படம் 1782-இல் வெளிவந்தது. அதன் தலைப்புச் சித்திரத்தில், பிரிட்டானியா என்னும் ஆங்கிலத் தெய்வமகளிடம் பண்டிதர்கள் தங்கள் சாத்திர நூல்களைக் கொடுத்து அடைக்கலம் வேண்டுவது போல் எழுதியிருக்கும். அதனைப் பொன்னிறச் சட்டமிட்டுத் தம் கூடத்தில் மாட்டியிருக்கும் நண்பர் ஒருவர், "உங்கள் குலத்தார் படம், பாருங்கள்" என்று என்னிடம் வேடிக்கை பேசினார். யாம் எந்நாளும் அவ்வம்மையிடம் எதையும் கொடுத்ததாக நினைவில்லை என்று விடையிறுத்தேன். நிற்க. 1802 ஏப்ரலில் லாம்டன் என்பவர் சென்னைப் பறங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அதன் பின்வந்த படங்களின் தன்மையே வேறாயிற்று. கேள்வியால் எழுதிய காலம் போய், அளந்து எழுதிய காலம் வந்தது. வணிகர் ஆசைகாட்டும் சட்டப்படங்கள் பெரும்பாலும் கேள்விக் காலத்தன.

அன்று திண்ணையிற் கிடந்த படத்துக்கு வருவோம். பள்ளியின் விஞ்ஞான ஆசிரியரிடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கிவந்து, இளையவரையும் அருகில் வைத்துக்கொண்டு, முதலிற் செய்திருக்கவேண்டிய சோதனையைக் காலந்தாழ்த்திச் செய்தேன்.

அக்காலத்துப் படங்கள் செப்புத்தகட்டில் உளியாற் கீறி அச்சிடப்பட்டவை. கீற்றில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, நனைத்த தாளை அதன்மேலிட்டு உருளையால் அழுத்துவர். தாள் கீற்றுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். ஆதலின் கோடுகள் தாளின்மேல் மயிரிழை போற் புடைத்து நிற்கும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் படத்தைச் சுற்றி நாற்புறமும் பள்ளமாகத் தெரியும். எங்கள் படத்தில் தடம் இல்லை. விளிம்பு வெட்டப்பட்டால் தடம் போய்விடும். ஆதலின் இஃதொன்றே போதாது. ஆனால் கண்ணாடி வழியே நோக்கியபோது கோடு கோடாக இல்லை. எள்ளை வரிசையாகக் கொட்டினாற்போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் முறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. 1752-இல் புள்ளி ஏது? கல்லச்சுங்கூட 1798-ஐ ஒட்டித்தான் ஜெர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்டது.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். டான்வில் காலத்துத் தாள் கந்தையை அரைத்துக் கம்பிச்சல்லடையில் வார்த்தது. ஒளியிற் பார்த்தால் நெருங்கிய கம்பிவரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவிட்ட வரிகளும் காணும். சிலவற்றில் தாட்காரனின் நீர்முத்திரையும் உண்டு. வரியில்லாத வழுவழுத்த தாள் இங்கிலாந்தில் 1757-ஐ ஒட்டியே நூலச்சிற்கு வந்தது. மரக்கூழ்த் தாளோ 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்ப் பரவியது. எங்கள் தாளில் வரியுமில்லை, முத்திரையுமில்லை. ஓரம் பழுத்து நொறுங்கியது. மக்கள் பழுப்பைக் கண்டு பழமை என்கின்றனர். உண்மையோ பெரும்பாலும் எதிர்மறை. நல்ல கந்தைத்தாள் முந்நூறாண்டாயினும் வெளுப்பு மாறாது நிற்கும். மலிந்த மரக்கூழ்த் தாளே ஐம்பதாண்டிற் பழுக்கும். தேயிலை நீரிற் பழுக்கவைப்போரும் உளர்.

அளவை முதலிலேயே கவனித்திருக்கலாம். டான்வில்லின் இந்தியப் படம் ஒரு தாளில் அடங்குவதன்று. பல தாள்களை ஒட்டிச் சேர்த்தாலன்றி முழுமை பெறாது. ஒன்றரை முழத்தில் அதனை அடக்கியதால் ஊர்ப்பெயர்கள் கண்ணுக்கு எட்டா நுண்மை அடைந்துவிட்டன. படிக்கமுடியாத எழுத்தை எந்தத் தச்சனும் செம்பில் வெட்டமாட்டான் என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

கடைசியிற் கண்டதே என்னை மிகவும் நாணச் செய்தது. படத்தின் நடுவே தாள் சேர்த்த ஒட்டு நிழலாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு புழுத்துளையும் தெரிந்தது. விரலால் தடவினேன். ஒட்டும் இல்லை, துளையும் இல்லை. மூலத்தைப் படமெடுத்தபோது அதன் காயங்களும் கூடவே படமாகிவிட்டன. ஒன்பதாண்டுகளுக்கு முன் யான் விரலால் ஒருமுறை தொட்டிருந்தால் நாற்பதாயிரம் என்ற சொல் என் வாயில் வந்திராது.

இங்கே ஒரு சட்டச் செய்தியையும் சொல்லிவைக்கிறேன். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும், எழுபத்தைந்தாண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள சுவடி, ஆவணம் முதலியனவும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்துள் அடங்கும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோதல் தடுக்கப்பட்டது. அயல்நாட்டிலுள்ள மகனுக்குப் பழைய படம் அனுப்ப எண்ணும் பெற்றோர், அது மூலமா படியா என்பதை அறிந்தே அனுப்புதல் வேண்டும்.

மூலமன்று என்று தெளிந்தபின், இளையவர் படத்தைக் கிழித்தெறிய எழுந்தார். அவரைத் தடுத்தேன். ஓலை புதிதென்று பாட்டை எரிப்பார் உண்டோ? ஆனால் எல்லாப் படியும் ஒருதன்மைய அல்ல. மூலத்தை உள்ளபடி எடுத்த படி உண்டு. அழகுக்காகக் கப்பலையும் திமிங்கிலத்தையும் சேர்த்து, பெயர்களைத் திருத்தி, இல்லாத வண்ணம் பூசிய படியும் உண்டு. பின்னது இடைச்செருகல் மலிந்த ஏடு. கூடத்துக்கு அலங்காரமாகலாம், வரலாற்றுக்கு உதவாது. முன்னது, அறுநூறு ரூபாய் பெறாவிடினும், படிப்பவனுக்கு மூலம் தருவதில் பெரும்பகுதியைத் தரும். பிரெஞ்சு தேசிய நூலகத்தார் டான்வில் படங்களை இணையவழியே எவரும் காண வைத்துள்ளனர். அதனோடு இப்படியை எங்கள் கடற்கரைப் பகுதி மட்டும் பெயர் பெயராக இரண்டு மாலைப்பொழுது ஒப்பிட்டோம். பெயர் ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. வண்ணம் மட்டுமே பிற்காலத்தார் கைவேலை.

பின்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெல்லென் வரைவின் படியொன்றைக் கையிற்கொண்டு, இளையவரும் அவர் மகளும் யானும் இராசகிரி ஏறினோம். மேலே நின்று பார்த்தால் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளும் முக்கோணமாக நிற்பதும், ஏறத்தாழ மூன்று மைல் மதில் அவற்றைப் பிணைத்துச் செல்வதும் விளங்கும். இவ்வகை வரைவுகளில் மலையும் மதிலும் வாயிலுமே தலைமை பெறும். ஏனெனில் வரைவித்தவன் கோட்டையைப் பிடிப்பவன், அல்லது பிடித்ததைக் காப்பவன். பீரங்கி எங்கே நிற்கும், ஏணி எங்கே சார்த்தலாம் என்பது அவனுக்கு வேண்டும். பேட்டையில் யார் நெய்தார், யார் உழுதார், யார் செக்காட்டினார் என்பது அவனுக்கு வேண்டா. பிமெண்டா வியந்த மாநகரத்தின் மக்கள் அப்படங்களில் இல்லை. வேங்கடரமணர் கோயிலின் பெருந்தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குப் பெயர்த்துக் கொண்டுபோயினர். இன்றும் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ அவை நிற்கின்றன. தூண் போன இடம் தெரிகின்றது. அத்தூணின் நிழலிற் கடை விரித்திருந்தவர் போன இடம் எப்படத்திலும் இல்லை.

அவர் மகள், அப்போது கல்லூரியில் முதலாண்டு, கையிலிருந்த படத்தையும் கீழேயுள்ள ஊரையும் மாறிமாறிப் பார்த்து, "ஐயா, இதில் நம் தெரு எங்கே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் நாம் எழுதிக்கொள்ளலாமே" என்று தன் சுவடியை எடுத்து, செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் குறித்துக்கொண்டு, மதிலுக்குக் கிழக்கே நம் தெருவையும் தன் பாட்டி வீட்டையும் வரைந்தாள். அளவு சரியில்லை, ஆயினும் யான் திருத்தவில்லை.

மூத்தவர் நடந்ததையறிந்து பதினையாயிரம் ரூபாய் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தார். எஞ்சிய தொகையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. பண்டிகைக்குப் போக்குவரத்து உண்டு. என் பங்காக அப்பெண்ணின் மூன்றாண்டுப் புத்தகச் செலவை யான் ஏற்றேன். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக யான் எண்ணவில்லை.

இப்போது என் திண்ணைக்கு வரும் எப்படத்துக்கும் வாயால் விலை சொல்வதில்லை. பின்பலகையைக் கழற்றி, தொட்டு, ஒளியிற் பார்த்து, கண்டதை மட்டும் சட்டத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். இளையவர் வீட்டுப் படம் மீண்டும் கூடத்தில் தொங்குகின்றது. அதன் பின்புறம் யான் எழுதியது இது: "டான்வில் 1752-இல் வெளியிட்ட இந்தியப் படத்தின் சுருக்கிய படி. புகைப்பட அச்சு, மரக்கூழ்த் தாள், 20-ஆம் நூற்றாண்டு. வண்ணம் பிற்காலத்தது. சோழமண்டலக் கரைப் பெயர்கள் மூலத்தோடு ஒத்துள்ளன. சட்டம் நல்ல தேக்கு. முன்பு இதனை மூலம் என்று சொன்னவனும் யானே." அதன் கீழே நான்கு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்; மற்றப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர் எழுதிச் சேர்க்கலாம்.